பாதிக் குளிசை

மனேச்சரை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். செத்துப்போன மனிதரைப் பற்றி இப்படித் தொடங்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அவரோடு பழகிய காலம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் நான். ஆள் போய்விட்டார் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல எனக்கு வராது.

அச்சுவேலிப் பக்கம் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. நடுவில் ஒரு கிடுகு வேலி. அவர் பங்கீட்டுச் சாமான் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். சங்கக்கடை மூடப்பட்டு, கட்டடத்தின் கூரையும் போய், உள்ளே ஆமணக்கு முளைத்த பிறகும் ஊருக்கு அவர் மனேச்சர்தான். அவருடைய மனைவி எனக்குச் சின்ன வகுப்பில் படிப்பித்தவர். அவரை எல்லாரும் ரீச்சர் என்போம். ஒரே மகன் கனடாவில். நான் பிரதேச செயலகத்தில் ஓய்வூதியப் பகுதியில் கிளாக். ஊரில் பென்சன் எடுக்கிற கிழடுகட்டைகளின் கேள்விகள் எல்லாம் பகலில் என் மேசைக்கு வரும். பின்னேரத்தில் வேலிக்கு மேலால் வரும். வேலிக்கு மேலால் வருவது அநேகமாக மனேச்சரின் கேள்வி.

கையில் எது கிடைத்தாலும் அதைப் பாதியாக்கி மிச்சம் பிடிப்பது அவருடைய பழக்கம். தேத்தண்ணியோடு ஒரு விசுக்கோத்து வைத்தால் அதை உடைத்துப் பாதியைத் தட்டிலேயே விடுவார். வாழைப்பழத்தைத் தோலோடு வெட்டிப் பாதியைச் சீலைத் துண்டால் மூடி வைப்பார். பேப்பரைக்கூட முன்பக்கங்களைக் காலையிலும் பின்பக்கங்களைப் பின்னேரத்திலும்தான் வாசிப்பார். "முழுக்க வாசிச்சா பின்னேரம் என்ன செய்யிறது?" என்பார். யாராவது செத்த அறிவித்தல் பின்பக்கத்தில் வந்தால் பின்னேரம் வரை அவருக்குத் தெரியாது. ஒருமுறை தன்னுடைய சொந்த மச்சானின் செத்தவீட்டுக்கே பிணம் எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. கஞ்சன் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. ஒரு பேச்சுப் பேசிவிட்டு என் பாட்டில் இருந்திருப்பேன். மிச்சம் பிடித்த பாதியை அவர் தனக்கென்று வைத்ததில்லை. யாராவது வருவார்கள், அவர்களுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம். வருகிறவர் யார் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

சண்டைக்குத் தப்பி நாங்கள் எல்லாரும் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. சவர்க்காரம் கண்ணால் காணக் கிடையாது. எங்கிருந்தோ கொஞ்சம் வந்து, பகிரும் பொறுப்பு மனேச்சரிடம் வந்தது. நூலால் அறுத்து அறுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விரற்கடைத் துண்டு கொடுத்தார். கடைசித் துண்டு, அதிலும் சின்னத் துண்டு, ரீச்சருக்கு. ஆனால் அறுக்காத கட்டிகள் பெட்டியில் இன்னும் கிடந்தன. சனம் கேட்டது. "நாளைக்கு வாறவைக்கு என்ன குடுக்கிறது?" என்று பெட்டியை மூடி அதன் மேலேயே படுத்துக்கொண்டார். அன்றைக்குப் பெய்த மழையில் மண்டபத்துக்குள் வெள்ளம் ஏறியது. விடியப் பார்த்தால் பெட்டிக்குள் இருந்த சவர்க்காரம் எல்லாம் கூழ். நடக்கிற இடமெல்லாம் நுரை. என் அம்மா உட்பட அங்கிருந்த பெண்கள் அவரைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் அசையவே இல்லை. "மழை பெய்யாட்டி இருந்திருக்கும்தானே" என்றார். நாளைக்கு வருவார்கள் என்று அவர் சொன்ன சனமும் வரவில்லை.

இந்த மனிதரின் கையில்தான் ரீச்சரின் மருந்துக் குளிசைகள் இருந்தன.

இரண்டு பேருக்கும் இரத்த அழுத்தம், ஊரில் சொல்கிற பிறசர். ஒரே கிளினிக், ஒரே நாள், ஒரே குளிசை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கும். விடியவே போய் நம்பர் எடுத்து, வாங்குப் பலகையில் இருந்து இருந்து, டொக்டரைப் பார்த்து, மருந்து கொடுக்கிற யன்னலில் கிளினிக் கொப்பியை நீட்டினால் ஒரு மாதத்துக்கு உரியதைச் சின்னக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். வீட்டில் மனேச்சர்தான் எடுத்துக் கொடுப்பார். ரீச்சர் கையை நீட்டுவார், விழுங்குவார். அது எந்தக் குளிசை, எத்தனை கிடக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. ஒரு வகுப்பை அடக்கி ஆண்ட மனுசி வீட்டில் அப்படி.

பிறகு நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தது. யன்னலில் நின்றவர், "அரை மாதத்துக்குத்தான் கிடக்கு, மிச்சத்தை வெளியில காசுக்கு வேண்டுங்கோ" என்று சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு துண்டோடு மருந்து விற்கிற பாமசிக்குப் போனார்கள். மனேச்சர் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். வந்ததும் வேலியடியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ரீச்சரின்ரை பென்சனிலை காப்புறுதிக்கெண்டு மாதம் மாதம் வெட்டுகினமெல்லோ?"

"ஓம் ஐயா."

"அப்ப இந்தக் குளிசைக்கு அவை தரவேணும்."

"தராயினம் ஐயா. ஆஸ்பத்திரி வாட்டிலை படுத்தாத்தான் அந்தக் காப்புறுதி. கிளினிக்குக்குப் போய் எடுக்கிற மருந்துக்கு இல்லை."

"படுத்தாத் தருவினம். நடந்து போனாத் தராயினம்."

"ஓம்."

"அப்ப வருத்தம் முத்தவிட்டாத்தான் தருவினம். முத்தவிடாமல் பாக்கிறவனுக்கு ஒண்டுமில்லை. உதை ஆர் எழுதினது?"

"கொழும்பிலை எழுதினது ஐயா."

"நீ ஒருக்கா எழுதிக் கேளன்."

நாள் முழுக்க இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லிவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் நிற்கிறேன். நான் எழுதிக் கேட்டுக் கொழும்பில் சட்டத்தை மாற்றுவார்கள் என்றால் முதலில் என் இடமாற்றத்தை அல்லவா கேட்டிருப்பேன். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. படுத்தால் தரும் என்ற ஒரு வாசகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த கிழமை ரீச்சரையும் கூட்டிக்கொண்டு ஒரு பையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பைக்குள் துவாய், சவர்க்காரம், ஒரு தம்ளர், மாற்றுச் சேலை. அங்கிருந்த இளம் டொக்டரிடம், "தம்பி, இவவை ஒரு நாளைக்கு வாட்டிலை படுக்க விடுங்கோ. அப்பத்தான் குளிசைக்குக் காப்புறுதி தரும்" என்று கேட்டிருக்கிறார். டொக்டர் முதலில் பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உண்மையான நோயாளிகளுக்கே கட்டில் போதாது என்று விளங்கப்படுத்தி அனுப்பியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னதும் மனேச்சர்தான். "நல்ல பொடியன். ஆனா சட்டம் தெரியாது" என்றார். பக்கத்தில் நின்ற ரீச்சர் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடையிலை வேண்டுங்கோவன் ஐயா. மகன் காசு அனுப்பிறார்தானே. அது சும்மா வங்கியிலை கிடக்குது."

"காசு இருக்கிறவன் எல்லாம் கடைக்கு ஓடினா கடைக்காரன் விலையை ஏத்துவான். இல்லாதவன் பிறகு என்ன செய்யிறது? சீனிக்கு நடந்தது, மாவுக்கு நடந்தது. நான் கடைக்குள்ளை நிண்டு பாத்தனான் பிள்ளை."

"உது சீனியில்லை ஐயா. ரீச்சரின்ரை பிறசர் குளிசை."

"பங்கீடு எண்டா எல்லாம் ஒண்டுதான்."

இப்படிப்பட்ட ஆளோடு என்னத்தைக் கதைப்பது? ஆஸ்பத்திரி சும்மா தருவது ரீச்சரின் பங்கு. அதற்கு மேல் ஒன்று எடுத்தால் அது வேறு யாருடையதோ பங்கு. அவருடைய கணக்கு அவ்வளவுதான். பாமசியில் இருப்பது விற்பதற்கு வைத்த சாமான், அதை வாங்காவிட்டால் அது இல்லாதவன் வீட்டுக்கு நடந்து போகாது என்று நான் தொண்டை வறளச் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையை ஆட்டினார். அவர் ஓம் என்றால் அதற்குக் கேட்டுவிட்டேன் என்றுதான் அர்த்தம். செய்வேன் என்று அர்த்தமில்லை.

கடைசியில் நானே பாமசிக்குப் போய் அந்தக் குளிசையில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பரவாயில்லை, ஒரு வழியாகத் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில், எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டு வருகிற கொழும்புத்துறை மனுசி கடகத்தை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளை வேண்டித் தந்த குளிசையெண்டு மனேச்சர் ஐயா சொன்னவர். நீ நல்லாயிருப்பாய் மோனை."

அவளுக்கும் அதே கிளினிக், அதே குளிசை, அதே தட்டுப்பாடு. அவளுக்குக் கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்திருப்பேன். ஆனால் இந்த மனிதர் தன் வீட்டில் இல்லாததை எடுத்து வீதியில் கொடுக்கிறார் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? வேலியடியில் நின்று கத்தினேன்.

"ஐயா, ரீச்சருக்கெண்டு வேண்டினது!"

"ரீச்சருக்கு இருக்கு. சமாளிச்சு வைச்சிருக்கிறன். மீன் மனுசிக்குத்தான் ஒண்டுமே இல்லை."

சமாளித்தது எப்படி என்று எனக்கு ஒரு சனிக்கிழமை காலையில் தெரிய வந்தது.

ரீச்சர் சாமிக்குப் பூப் பிடுங்கப் போனவர். கிணற்றடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பூத்தட்டு ஒரு பக்கம், ரீச்சர் ஒரு பக்கம். முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டி, கண் செருகிக் கிடந்தார். விழுந்த வேகத்தில் மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இருந்தது அதே இளம் டொக்டர்தான். பிறசர் மிசினைப் பார்த்துவிட்டு, "அம்மா என்ன குளிசை போட்டவ?" என்று கேட்டார். மனேச்சர் சட்டைப் பையில் இருந்து கடதாசிப் பையை எடுத்து நீட்டினார். அந்த நேரத்திலும் அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது; அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்க முடியாதது. பைக்குள் இருந்தவை எல்லாம் பாதிக் குளிசைகள்.

"இதை ஆர் வெட்டினது?"

"நான்தான் தம்பி. பாக்குவெட்டியாலை. சரிபாதி, ஒரு துகள் பிசகாது. அரை மாதத்துக்குத் தந்ததை முழு மாதத்துக்கு ஓட்டியிருக்கிறன்."

டொக்டர் ஒரு பாதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, இது வயித்துக்குள்ளை மெல்ல மெல்லக் கரையிற குளிசை. முழுசாப் போட்டா மருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். வெட்டினா உள்ளை இருக்கிறது எல்லாம் ஒரேயடியா இறங்கும். பிறசர் சடாரெண்டு விழும். அம்மா விழுந்தது அதாலைதான்."

"பாதிதானே குடுத்தனான்."

"பாதியெண்டாலும் ஒரேயடியாத்தானே இறங்குது. உதை வெட்டவே கூடாது ஐயா."

மனேச்சர் அந்தப் பையை வாங்கி, உள்ளே பார்த்து, மறுபடியும் மூடினார். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அவர் பேசாததால் அவருக்கும் சேர்த்து நான் பேசினேன். ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கி, ஆட்டோவுக்குள், வீட்டுப் படலை வரைக்கும் பேசினேன். பிளாஸ்டர் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ரீச்சர், "விடு பிள்ளை, அவர் வேணுமெண்டோ செய்தவர்?" என்றார். வேண்டுமென்றே செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திராது. மனுசியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அல்லவா செய்தார்.

பின்னேரம் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். "இது உங்கடை வீட்டிலை கிடக்கட்டும்." பிறகு, நான் கேட்காமலே, "மகனுக்குச் சொல்லிப்போட்டன். இனி மிச்சத்தைப் பாமசியிலை வேண்டுறன்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர். ஆனாலும் ரீச்சரின் கை பிளாஸ்டரில் இருந்தது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். நான் போகிற வருகிற நேரமெல்லாம் ரீச்சரைக் கேட்பேன். "முழுக் குளிசைதான் பிள்ளை. காலமையும் முழுசு, இரவும் முழுசு" என்பார். மாதம் முடிகிற கிழமையிலும் பைக்குள் முழுக் குளிசைகள் கிடக்கும். கை பொருந்தியது. ரீச்சர் மறுபடியும் பூப் பிடுங்கத் தொடங்கினார். தட்டுப்பாடு மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஆளுக்கு அரை மாதக் குளிசைதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் மனேச்சர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர், பக்கத்தைத் திருப்ப முடியாமல் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ரீச்சர் கூப்பிட்ட சத்தத்தில் நான் ஓடிப் போனேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை கதிரையின் சட்டத்தில் செத்துப்போய்க் கிடந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். வார்த்தைகள் குழைந்து வந்தன.

ஆஸ்பத்திரியில் பிறசர் மிசினில் வந்த கணக்கைப் பார்த்து டொக்டரே திடுக்கிட்டுப் போனார்.

"ஐயா, குளிசை போடுறனீங்களோ இல்லையோ?"

ரீச்சர் சொன்னார்: "போடுறவர் தம்பி. எனக்குத் தந்திட்டுத் தானும் போடுறவர். நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். கையை வாயிலை வைச்சுத் தண்ணி குடிக்கிறவர்."

மனேச்சர் நல்ல கையைத் தூக்கி இல்லை என்று அசைத்தார்.

"கை... வெறுங்கை."

"அப்ப கிளினிக்கிலை தந்த குளிசை?"

"எனக்கு அரை மாதம். அவவுக்கு அரை மாதம்." ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். "சேத்தா ஒரு ஆளுக்கு முழு மாதம்." பிறகு டொக்டரைப் பார்த்து, குற்றம் சாட்டுகிற மாதிரியே சொன்னார்: "வெட்டக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

குளிசையை வெட்டக்கூடாது என்றதும் ஆளை வெட்டிவிட்டார். இரண்டு பேரில் ஒருவரை எடுத்துவிட்டால் பங்கு முழுசாக வரும். அவருடைய சங்கக்கடைக் கணக்குச் சரி. மகனுடைய காசு வங்கியில் கிடக்க, பாமசி சந்தியில் திறந்து கிடக்க, நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்க, இந்த மனிதர் மாதக்கணக்காக வெறுங்கையை வாயில் வைத்துத் தண்ணீர் குடித்திருக்கிறார். எனக்கு அவரை உலுப்ப வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. ரீச்சர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வாட்டில் கட்டில் கிடைத்தது. மறுநாள் பேச்சுக் கொஞ்சம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் கிட்ட வரச்சொல்லிச் சைகை காட்டினார். ஏதோ மனம் வருந்திச் சொல்லப் போகிறார் என்று குனிந்தேன்.

"பிள்ளை, நான் இப்ப படுத்திட்டன். ரீச்சரின்ரை காப்புறுதி எனக்கும் தரும்தானே?"

"தரும் ஐயா."

"பாத்தியே" என்றார். கோணிய வாயால் சிரித்தார். ஒரு வழியாகச் சட்டத்தை மடக்கிவிட்ட சந்தோசம் அவருக்கு. சத்தம் போட்டால் வாட்டில் இருக்கிற மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம், ஆட்களைப் பார்க்க விடுகிற நேரம், ரீச்சரும் நானும் சாப்பாட்டோடு போனோம். மிசி, வாட்டு நர்ஸ், அப்போதுதான் ஒவ்வொரு கட்டிலாகக் குளிசை கொடுத்துக்கொண்டு போனாள். மனேச்சர் அவள் மற்றப் பக்கம் திரும்பும் மட்டும் காத்திருந்தார். பிறகு தலையணைக்குக் கீழே நல்ல கையை விட்டு, கடதாசித் துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து ரீச்சரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இஞ்சாரும், இதைக் கொண்டு போம். இஞ்சை தட்டுப்பாடில்லை. நாளைக்கும் தருவினம்."

ரீச்சர் பிரித்துப் பார்த்தார். வாட்டில் கொடுத்தவை, கொஞ்சம் முன் கொடுத்தது வரை, எல்லாம் அப்படியே கிடந்தன. இரண்டு நாளாக அவர் ஒன்றையும் விழுங்கவில்லை.

ரீச்சர் மனேச்சரோடு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதே கிடையாது. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு குளிசையை எடுத்து அவருடைய வாய்க்குள் வைத்து, தண்ணீரைப் பருக்கி, கை விரல்களால் அவருடைய இரண்டு உதடுகளையும் சேர்த்துப் பிடித்தார்.

"விழுங்குங்கோ."

அவர் முழித்தார்.

"நான் உங்கடை பங்கைத் திண்டு கொண்டு உயிரோடை இருக்கிறனாம். எனக்குச் சொல்லக்கூட இல்லை. விழுங்குங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

தொண்டை ஏறி இறங்கியது. ரீச்சர் கையை எடுத்து, "ஆ எண்டுங்கோ" என்றார். அவர் வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கச் சொல்லி அதற்குக் கீழேயும் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயை மூடியதும் மனேச்சர் கேட்டார்:

"அப்ப உமக்கு?"

ரீச்சர் கைப்பையைத் திறந்து, நான் முதல் நாள் பாமசியில் வாங்கிக் கொடுத்ததில் ஒன்றை எடுத்து, அவர் பார்க்கத் தன் வாயில் போட்டு, அதே போத்தல் தண்ணீரைக் குடித்தார். மனேச்சருடைய கண் அந்தக் குளிசைப் பெட்டியிலேயே நின்றது.

"கடையிலையோ வேண்டினது?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம், கடையிலைதான்!" என்றேன். எனக்கு அந்த நேரத்திலும் குரல் ஏறிவிட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மேல் எங்களுக்குள் வாக்குவாதம் நடக்கவில்லை. விடிவதற்கிடையில் பாரிசவாதம் இரண்டாவது முறை வந்தது, அதில் போய்விட்டார். மாதக்கணக்காக விட்ட குளிசைக்கு அந்த ஒரு குளிசை எந்த மூலைக்குப் போதும்?

செத்தவீட்டில் மகன் கனடாவில் இருந்து வந்து நின்று, "நான் அனுப்பின காசெல்லாம் அப்பிடியே கிடக்குதே" என்று வங்கிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுதான். உன் அப்பா நல்லவர் என்பதா, மடையர் என்பதா? இரண்டும் என் வாயில் வந்து நின்றன. தேத்தண்ணி குடி தம்பி என்று மட்டும் சொன்னேன்.

இப்போது ரீச்சரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது நான். யன்னலில் இருப்பதைத் தருவார்கள், இல்லாததற்குத் துண்டு தருவார்கள். நான் துண்டோடு நேரே பாமசிக்குப் போவேன். ரீச்சர் மறுப்பதில்லை. காலையும் இரவும், நேரம் தவறாமல், முழுசாக விழுங்குவார்.

போன கிழமை கிளினிக்கில் அந்த இளம் டொக்டர் இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருந்த டொக்டர் பிள்ளை ரீச்சரின் பிறசரைப் பார்த்தாள். கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினாள்; தட்டுப்பாடு கடுமையாக இருந்த மாதங்களில் எடுத்த பிறசரையும் பார்த்தாள். முகம் மலர்ந்து சொன்னாள்:

"குளிசை இல்லாத நேரத்திலையும் அம்மா ஒரு நாளும் விடாமல் போட்டிருக்கிறா. இப்பிடி ஒரு ஆளை நான் காணேல்லை."

ரீச்சர் கதிரையில் இருந்தபடியே அழத் தொடங்கினார். சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்தவே முடியாமல் அழுதார். அந்த டொக்டர் பிள்ளை ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.